அச்சில் வந்தால் உண்மையா?

காலை ஆறரை மணி. குமுளியில் ஒரு டீக்கடை. பெஞ்சின் மேல் இரண்டு செய்தித்தாள்கள் கிடக்கின்றன. ஒன்று தமிழ். இன்னொன்று மலையாளம். தமிழ்ப் பேப்பர் கம்பம் வழியாக மலை ஏறி வந்தது. மலையாளப் பேப்பர் கோட்டயம் பக்கமிருந்து வந்தது.

வண்டிப்பெரியாறு, மூணாறு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஆகிய ஊர்களிலும் இப்படித்தான். எல்லையில் இருப்பவர்களுக்கு எப்போதும் இரண்டு பேப்பர்.

முன்பெல்லாம் நாம் பேப்பரைக் கையில் எடுத்தால் படம் மட்டும் பார்ப்போம். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறோம். தலைப்பைப் படிக்கிறோம். கீழே இருக்கும் பொடி எழுத்தையும் படிக்கிறோம். நல்லது.

ஆனால் படிக்கத் தொடங்கியதும் ஒரு புதுச் சிக்கல் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொன்னால், "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்கிறோம். அதையே பேப்பரில் பார்த்தால் கேட்பதில்லை. "பேப்பரிலேயே போட்டிருக்கிறான்" என்று சொல்லிப் பேச்சை முடித்து விடுகிறோம். பேப்பரில் எழுதுகிறவரும் மனிதர்தானே? அவரிடம் மட்டும் ஏன் கேட்பதில்லை?

ஒரே அணை, இரண்டு செய்தி

2011 நவம்பர், டிசம்பர் மாதங்கள் இடுக்கிக்காரர்களுக்கு மறந்திருக்காது.

முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது. அணை இருப்பது கேரளத்தில். தண்ணீர் போவது தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம். 2011-இல் இடுக்கி மாவட்டத்தில் சிறு நில அதிர்வுகள் வந்தன. உடனே அணையைப் பற்றிய பயம் கிளம்பியது.

மலையாளப் பேப்பரைப் பிரித்தால், அணை எந்த நேரமும் உடைந்து விடும் என்பது போலச் செய்தி. தமிழ்ப் பேப்பரைப் பிரித்தால், அணைக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாம் நாடகம் என்பது போலச் செய்தி. டி.வி.யில் இன்னும் அதிகம். அணை உடைந்தால் எப்படி இருக்கும் என்று படம் வரைந்தே காட்டினார்கள். அணைக்குக் கீழே குடியிருப்பவருக்கு எப்படித் தூக்கம் வரும்? அணைத் தண்ணீரில் நெல் நட்டவருக்கு எப்படிக் கோபம் வராமல் இருக்கும்? இருவருடைய கவலையும் உண்மைதான். அந்தக் கவலையின் மேல் எண்ணெய் ஊற்றப்பட்டது.

பிறகு அடிதடிச் செய்திகள் வந்தன. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள் என்றார்கள். அந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன என்றார்கள். இரண்டு பக்கமும் சில இடங்களில் தாக்குதல் நடந்தது உண்மை. ஆனால் நடந்தது ஒன்று என்றால் பரவியது பத்து. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று நின்று பார்க்க யாருக்கும் நேரம் இல்லை.

அது ஏலக்காய் பறிக்கும் காலம். கம்பம், போடிப் பக்கத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலை ஏறும் பெண்கள் வேலைக்கு வர முடியவில்லை. ஏலத்தோட்ட லயங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, சட்டி பானையைக்கூட எடுக்காமல் மலை இறங்கின. குமுளி வழியில் வண்டிகள் நாள் கணக்கில் ஓடவில்லை. கூலி போனது. கடைக்காரருக்கு வியாபாரம் போனது. பல வருடம் ஒரே லயத்தில் உப்பும் மிளகாயும் கடன் வாங்கிய குடும்பங்கள் ஒன்றை ஒன்று பார்த்துப் பயந்தன. அதுதான் பெரிய நஷ்டம்.

பின்னர் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு அணையை ஆராய்ந்தது. 2014 மே 7 அன்று தீர்ப்பு வந்தது. அணை பாதுகாப்பாக இருக்கிறது, 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. கேரளத்தில் பலருக்குக் கவலை தீரவில்லை. அது வேறு விஷயம். 2011 டிசம்பரில் ஒரு குடும்பம் லயத்தை விட்டு ஓடியதே, அது எந்தத் தீர்ப்பையும் படித்து ஓடவில்லை. கேட்ட செய்தியை நம்பி ஓடியது.

"அப்படியானால் இந்தப் பேப்பர்களை எல்லாம் அரசாங்கம் அடக்கி வைக்க வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். அப்படி அடக்கிய கதையும் நம் நாட்டில் உண்டு. அதையும் தெரிந்து கொள்வோம்.

அச்சுக்கூடத்தைப் பூட்டிய அரசு

நாட்டுக்கு விடுதலை கிடைப்பதற்கு முன், இடுக்கி மலைகள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. அங்கே மகாராஜாவின் ஆட்சி. ராஜாவுக்குக் கீழே திவான். இன்றைய முதலமைச்சரைப் போன்ற பதவி அது. ஆனால் திவானுக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை.

வக்கம் அப்துல் காதர் மௌலவி என்பவர் 1905-இல் ஒரு மலையாளப் பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் 'சுவதேசாபிமானி'. சொந்த நாட்டின் மேல் பற்று உடையவன் என்று பொருள். 1906-இல் கே. ராமகிருஷ்ண பிள்ளை என்னும் இளைஞரை ஆசிரியராக வைத்தார். பிள்ளையின் ஊர் நெய்யாற்றின்கரை. பத்திரிகையின் உரிமையாளர் முஸ்லிம். ஆசிரியர் நாயர். பணம் போட்டவர் மௌலவி. ஆனாலும் என்ன எழுத வேண்டும் என்பதில் அவர் தலையிடவில்லை. இப்படிப்பட்ட முதலாளி அன்றும் அபூர்வம். இன்றும் அபூர்வம்.

ராமகிருஷ்ண பிள்ளை அரசு அலுவலகங்களில் நடந்த லஞ்சத்தை எழுதினார். திவான் ராஜகோபாலாச்சாரியின் நடத்தையையும் நிர்வாகத்தையும் கடுமையாகத் தாக்கினார். ஆட்சி என்பது மக்களுக்காக, மக்கள் கேள்வி கேட்கலாம் என்றார். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல்.

1910 செப்டம்பர் 26 அன்று போலீஸ் வந்தது. அச்சுக்கூடத்துக்கு சீல் வைத்தார்கள். இயந்திரத்தைப் பறிமுதல் செய்தார்கள். ஆசிரியரைப் பிடித்துக் கொண்டு போனார்கள். வழக்கு இல்லை. விசாரணை இல்லை. "நீ சொன்னது பொய்" என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். இனி ஊருக்குள் காலடி வைக்கக் கூடாது என்பது ராஜாவின் ஆணை. இதைத்தான் நாடு கடத்தல் என்கிறோம்.

அவர் மனைவி கல்யாணி அம்மா படித்தவர், ஆசிரியை, எழுத்தாளர். கணவரோடு அவரும் ஊர் விட்டார். சென்னைக்குப் போனார்கள். பிறகு பாலக்காட்டுக்கு வந்து சிறிது காலம் இருந்தார்கள். அப்போது பாலக்காடு, திருவிதாங்கூர் ராஜாவின் ஆட்சியில் இல்லை. பிரிட்டிஷாரின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதனால் அங்கே ராஜாவின் ஆணை செல்லாது. கடைசியில் கண்ணூருக்குப் போனார்கள். 1916 மார்ச் 28 அன்று, நோயில், ராமகிருஷ்ண பிள்ளை அங்கேயே இறந்தார். வயது 37. சொந்த ஊரை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

மௌலவிக்கும் அச்சு இயந்திரம் திரும்பக் கிடைக்கவில்லை. விடுதலைக்குப் பிறகுதான் அது அவர் குடும்பத்துக்கு வந்தது. அதற்கு வெகு காலம் முன்பே அவர் காலமாகி விட்டார். இன்று திருவனந்தபுரம் பாளையத்தில் ராமகிருஷ்ண பிள்ளைக்குச் சிலை இருக்கிறது. பத்திரிகையாளருக்குக் கேரள அரசு கொடுக்கும் பெரிய விருதில் 'சுவதேசாபிமானி' என்ற பெயர் இருக்கிறது. ஓர் அரசு பூட்டியது. இன்னொரு அரசு சிலைக்கு மாலை போடுகிறது.

கதை இத்துடன் முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

அதே 1910-இல், புலையர் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அரசு வழி செய்தது. அய்யன்காளி பல வருடம் போராடிப் பெற்ற உரிமை அது. அந்தப் பிள்ளைகளை மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்று சுவதேசாபிமானி எழுதியது. குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டலாமா என்று உவமை வேறு. அவர் திட்டித் தீர்த்த அதே திவானின் ஆட்சிதான் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியைத் திறந்து விட்டது.

அந்தப் பிள்ளைகளின் பேரனும் பேத்தியும் இன்று இந்தப் பாடத்தைப் படித்துக் கொண்டிருக்கலாம். அவர்களுக்கு இந்த வரி சுடும். சுடட்டும். லஞ்சத்தைப் பற்றி அவர் எழுதியது துணிவு. பள்ளியைப் பற்றி எழுதியது அநீதி. இரண்டும் ஒரே பேனாவில் வந்தவை. ஆனாலும் அந்தப் பேனாவைப் பிடுங்கியது நியாயம் ஆகாது. எழுத்து தவறு என்றால் பதில் எழுதலாம். பூட்டுப் போட்டால் தவறும் நிற்கும், லஞ்சச் செய்தியும் நிற்கும்.

பேப்பர் வாய் மூடிய காலம்

விடுதலைக்குப் பிறகு நமக்கு அரசியல் சட்டம் வந்தது. அதன் 19-ஆவது பிரிவு பேசவும் எழுதவும் உரிமை தருகிறது. பத்திரிகைக்கு என்று தனியாக ஓர் உரிமை அதில் இல்லை. உங்களுக்கு இருக்கும் அதே உரிமைதான் பத்திரிகைக்கும். அவதூறு, கலவரத்தைத் தூண்டும் பேச்சு போன்றவற்றுக்குச் சட்டம் எல்லை போடலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இந்த உரிமையும் ஒருமுறை நின்று போனது. 1975 ஜூன் 25 அன்று நாட்டில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அதிகாரிகள் பார்த்து அனுமதித்த செய்தியைத்தான் அச்சிட வேண்டும் என்றார்கள். 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறும் வெள்ளையாக விட்டு வெளியிட்டது. படிக்கத் தெரிந்தவர்கள் அந்த வெள்ளையையும் படித்தார்கள்.

1976 மார்ச்சில் கோழிக்கோட்டில் ராஜன் என்ற பொறியியல் மாணவரைப் போலீஸ் பிடித்துக் கொண்டு போனது. அவர் திரும்பி வரவில்லை. அப்பா ஈச்சர வாரியர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பேப்பர்கள் வாய் கட்டப்பட்டிருந்தன. 1977-இல் அவசர நிலை முடிந்த பிறகே அவர் வழக்குப் போட முடிந்தது. கக்கயம் போலீஸ் முகாமில் மகன் சித்திரவதையில் இறந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. பேப்பர் பேச முடியாத நாட்டில் ஒரு பிள்ளை காணாமல் போனால், தேடுவது பெற்றவர் மட்டும்தான்.

பேப்பரே தண்டித்த கதை

இப்போது அடுத்த பக்கத்தைப் பார்ப்போம். யாரும் பேப்பரைத் தடுக்கவில்லை. முழுச் சுதந்திரம் இருந்தது. அப்போது என்ன நடந்தது?

நம்பி நாராயணன் நாகர்கோவில்காரர். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்தவர். திருவனந்தபுரத்தில் ராக்கெட் விஞ்ஞானியாக வேலை பார்த்தார்.

1994 அக்டோபரில் மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரஷீதா என்ற பெண்ணைத் திருவனந்தபுரத்தில் போலீஸ் கைது செய்தது. விசா காலம் முடிந்தும் தங்கியிருந்தார் என்பது வழக்கு. கொஞ்ச நாளில் வழக்கு வேறு மாதிரி ஆனது. அந்தப் பெண் உளவாளி என்றார்கள். அவரும் இன்னொரு மாலத்தீவுப் பெண்ணும் சேர்ந்து விஞ்ஞானிகளை மயக்கினார்கள், நாட்டின் ராக்கெட் ரகசியங்கள் விற்கப்பட்டன என்றார்கள். நவம்பர் 30 அன்று நம்பி நாராயணன் கைதானார்.

பேப்பர்கள் இதைத் தொடர்கதை மாதிரி எழுதின. தினமும் ஒரு புதுத் திருப்பம். அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றியும் அந்தரங்கத்தைப் பற்றியும் கூசாமல் எழுதினார்கள். யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. "போலீஸ் வட்டாரங்கள் தெரிவித்தன." அவ்வளவுதான். சில பத்திரிகையாளர்கள் சந்தேகம் எழுப்பினார்கள். அவர்கள் குரல் எடுபடவில்லை. முதலமைச்சர் கருணாகரனை எதிர்த்தவர்களுக்கு அந்தக் கதை வசதியாக இருந்தது. 1995 மார்ச்சில் அவர் பதவி விலகினார்.

ஒரு சின்னக் கேள்வியை யாராவது கேட்டிருக்கலாம். கிரையோஜெனிக் எஞ்சின் ரகசியத்தை விற்று விட்டார்கள் என்றார்கள். கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களால் ஓடும் ராக்கெட் எஞ்சின் அது. 1994-இல் இந்தியாவிடம் சொந்தமாக அந்த எஞ்சினே கிடையாது. நாமே செய்த எஞ்சின் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில்தான். வீட்டில் பசு இல்லாதவன் பால் திருடி விற்றான் என்று சொன்னது போல இருக்கிறது.

வழக்கு சி.பி.ஐ.க்கு மாறியது. 1996-இல் சி.பி.ஐ. தன் அறிக்கையைக் கொடுத்தது. உளவு என்பதற்கு ஆதாரமே இல்லை என்றது. 1998-இல் உச்ச நீதிமன்றமும் வழக்கில் ஒன்றும் இல்லை என்று முடித்தது. நம்பி நாராயணன் 50 நாள் காவலில் இருந்திருந்தார். போலீஸ் அடித்துத் துன்புறுத்தியதாக அவர் சொன்னார். மாலத்தீவுப் பெண்கள் இருவரும் மூன்று வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்தார்கள்.

நம்பி நாராயணன் விடவில்லை. தன்னைக் கைது செய்த போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை வேண்டும் என்று தொடர்ந்து போராடினார். 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கைது தேவையற்றது என்று சொல்லி, அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2019-இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 24 வருடம். கைதானபோது அவருக்கு வயது 52. அதே வழக்கில் கைதான இன்னொருவர், தீர்ப்பு வந்த சில நாட்களில் இறந்து போனார்.

அந்த 50 லட்சமும் அரசுப் பணம். அதாவது நம் வரிப் பணம். தீர்ப்பு போலீசைப் பற்றியது. பேப்பர்களைப் பற்றியது அல்ல.

ஏன் இப்படி எழுதுகிறார்கள்?

எல்லா நிருபரும் கெட்டவர் இல்லை. குறைந்த சம்பளத்தில், மிரட்டலுக்கு நடுவே, நேர்மையாக எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர். நம் ஊர் ரேஷன் கடையில் எடை குறைவதை, பள்ளியின் கூரை ஒழுகுவதை எழுதுகிறவரும் அவர்தான்.

ஆனால் ஒரு பேப்பரை அச்சிட ஆகும் செலவு நாம் கொடுக்கும் விலையைவிட அதிகம். மீதியை விளம்பரம் தருகிறது. விளம்பரம் தருகிறவரைப் பற்றிக் குறை எழுதுவது கடினம். தேர்தல் நேரத்தில் பணம் வாங்கிக் கொண்டு, விளம்பரத்தையே செய்தி போல அச்சிடும் வழக்கமும் வந்தது. 2010-இல் இந்திய பத்திரிகை மன்றமே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. போட்டி இன்னொரு காரணம். பக்கத்துப் பேப்பரில் வந்த கதை நம் பேப்பரில் வராவிட்டால் விற்பனை குறையும் என்ற பயம். போலீஸ் சொல்வதைச் சந்தேகப்பட்டால் நாளைக்குச் செய்தி தரமாட்டார்களே என்ற பயமும் உண்டு.

பொடி எழுத்தைப் படியுங்கள்

தலைப்பு பெரிதாக இருக்கும். உண்மை பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். "கூறப்படுகிறது", "தெரிகிறது", "நம்பத்தகுந்த வட்டாரங்கள்" என்ற சொற்களைக் கண்டால் விரலை அங்கே வையுங்கள். கூறியவர் யார்? பெயர் இருக்கிறதா? நிருபர் நேரில் பார்த்தாரா? குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொன்னார் என்று ஒரு வரியாவது இருக்கிறதா? ஒருவர் கைதானால் அவர் குற்றவாளி என்று பொருள் இல்லை. கைது முதல் பக்கத்தில் வரும். விடுதலை உள்பக்கத்தில் ஒரு மூலையில் வரும். அந்த மூலையையும் தேடிப் படியுங்கள்.

கையில் இருக்கும் போனுக்கும் இதே கேள்விகள்தான். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. சில செய்தி நிறுவனங்களும் அதை அப்படியே வெளியிட்டன. பயந்து போன தொழிலாளர்கள் பலர் ரயில் ஏறினார்கள். 2011-இல் நாம் மலை இறங்கியது போல.

உங்களைப் பற்றியோ உங்கள் ஊரைப் பற்றியோ பேப்பரில் பொய் வந்தால் சும்மா இருக்க வேண்டாம். முதலில் அந்தப் பேப்பரின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதி, எந்தப் பக்கம், எது தவறு, எது சரி என்று நான்கு வரி போதும். இதற்கு மறுப்புக் கடிதம் என்று பெயர். நகல் ஒன்று கையில் வைத்துக் கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் டெல்லியில் உள்ள இந்திய பத்திரிகை மன்றத்துக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்து இரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். மன்றம் விசாரிக்கும், கண்டிக்கும். அபராதம் போட அதற்கு அதிகாரம் இல்லை. டி.வி.யைப் பற்றிய புகாரையும் அது எடுத்துக் கொள்ளாது. பல் குறைந்த மன்றம்தான். ஆனாலும் உங்கள் கடிதம் பதிவாகும்.

செய்து பார்ப்போம்

இந்த வாரம் ஒரே நாளில் வந்த ஒரு தமிழ்ப் பேப்பரும் ஒரு மலையாளப் பேப்பரும் மையத்துக்குக் கொண்டு வாருங்கள். மலையாளம் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றையும் கூட்டி வாருங்கள். இரண்டிலும் வந்த ஒரே செய்தியைக் கண்டுபிடியுங்கள். சத்தமாகப் படியுங்கள். எந்த விவரம் இரண்டிலும் இருக்கிறது? எது ஒன்றில் மட்டும் இருக்கிறது? "கூறப்படுகிறது" எத்தனை முறை வருகிறது? சிலேட்டில் எண்ணி எழுதுங்கள்.

பிறகு உங்கள் ஊரில் பேப்பரில் வராத ஒரு விஷயத்தை, தண்ணீர்க் குழாயோ, லயத்தின் கூரையோ, பஸ்ஸோ, ஐந்து வரியில் எழுதுங்கள். யார், எங்கே, எப்போது என்பது அதில் இருக்கட்டும். கீழே உங்கள் பெயரைப் போட்டு, ஒரு பேப்பரின் ஆசிரியருக்குத் தபாலில் அனுப்புங்கள்.